எண்பது ஆம்பியர் பியூஸ்

2011 ஜூன் 4, சனி

விடியலிலிருந்து மழை. கடை வாசலில் தார்ப்பாய் கட்டினேன், ஒரு மூலை கிழிந்தது.

ஹேடோவில் இருக்கும் செல்வி அக்காவின் டூரிஸ்ட் ஜீப்புக்கு இன்று பாட்டுக்கு ஆம்ப்ளிஃபயர் வேலை. இரண்டு ஆம்ப், பின் சீட்டுக்கு அடியில். ஒன்று பாஸ் ஸ்பீக்கருக்கு, மற்றது நாலு கதவு ஸ்பீக்கருக்கு. இரண்டிலும் நாற்பது ஆம்பியர் பியூஸ். பேட்டரியிலிருந்து நாலாம் நம்பர் தடி வயர், பின்னால் இரண்டாகப் பிரித்தேன். எர்த்துக்கு பெயின்ட் சுரண்டி வெறும் தகட்டில் போல்ட். சுத்தமான வேலை, ஒரு இரைச்சல் இல்லை.

பேட்டரி பக்கத்தில் போட எண்பது ஆம்பியர் பியூஸ்தான் இல்லை. கப்பல் லேட். எதிர்க்கடை வங்காளி தாதாவிடமும் கேட்டேன். "ஜஹாஜ் ஆனே தோ" என்றார். கப்பல் வரட்டும். இந்தத் தீவில் சிமென்ட் கேட்டாலும் மாத்திரை கேட்டாலும் இதே பதில்.

வயரை நேரே பேட்டரியில் முடுக்கிவிட்டேன். அக்காவுக்கு நாளை காலை ட்ரிப். டிரைவர் மணியண்ணன் கூடவே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த எடத்துல ஒரு டப்பா வரும்னு சொன்னீங்க தானே தம்பி?"

"வரும்ணே. கப்பல் வந்ததும் போட்டுடலாம். அதுவரை சலேகா, ஓடும்."

சுவரில் 'கப்பல்' என்று தலைப்புப் போட்டிருக்கும் பட்டியலில் சாக்பீஸால் எழுதினேன்: செ. அக்கா ஜீப், 80 பியூஸ், 1. என் மனைவி லதா அதைப் பார்த்துத்தான் சென்னைக்குப் போன் போட்டு ஆர்டர் சொல்வாள்.

ராத்திரிக்கு மீன் குழம்பு. புளி தூக்கல்.

ஜூன் 6, திங்கள்

மழை விட்டுவிட்டு. மணியண்ணன் வந்தார். ஞாயிறு ட்ரிப்பில் பாட்டு பிரமாதமாம், டூரிஸ்டுகள் இறங்கி ஆடினார்களாம். பிறகு பானெட்டைத் தூக்கிக் காட்டி, "அந்த டப்பா?" என்றார். கப்பல் இன்னும் வரவில்லை என்றேன்.

"சும்மா கேட்டேன் தம்பி. வயர் தகட்டுக்குள்ள போற எடத்துல ஒரசுதோன்னு ஒரு ஐமிச்சம்."

எட்டிப் பார்த்தேன். பார்த்த மாதிரி நடித்தேன் என்று எழுதுவதுதான் சரி. கையில் வேறு வேலை.

ஜூன் 7, செவ்வாய்

ஜீப் எரிந்துவிட்டது.

புரோத்ராபூர் வளைவில், மதியம். பயணிகள் யாரும் இல்லை, கடவுள் புண்ணியம். மணியண்ணன் மட்டும். டேஷ்போர்டுக்கு அடியில் புகை வந்திருக்கிறது. வண்டியை ஓரம் கட்டி, பானெட்டைத் தூக்கி, பேட்டரி டெர்மினலை வெறும் கையால் பிய்த்து எறிந்திருக்கிறார். அதனால் இஞ்சின் தப்பியது. உள்ளே எல்லாம் போச்சு. வலது உள்ளங்கை வெந்துவிட்டது.

தாதா வந்து சொன்னார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குக் காரணம் தெரியும்.

ஜூன் 8, புதன்

காலையில் எழுந்ததும் ஈரத்துணியால் சுவரைத் துடைத்தேன். ஒரு வரியை மட்டும் துடைத்தால் தெரியும் என்று முழுப் பட்டியலையும்.

பத்து மணிக்கு செ. அக்கா. குடையை மடக்காமலே நின்றார். ஜீப் ஸ்டாண்டில் எல்லாரும் பீடி என்கிறார்களாம். பீடித் துண்டு சீட்டில் விழுந்து பிடித்திருக்குமாம்.

"மணி என்னடான்னா பேட்டரிகிட்ட பியூஸே இல்லைங்கிறான். நீ போட்டதானே ரவி?"

"போட்டேன்க்கா."

"கருகின வண்டியில காணோமே."

"பிளாஸ்டிக் டப்பாக்கா. தீயில உருகியிருக்கும்."

எவ்வளவு சுலபமாக வந்தது. யோசிக்கக்கூட இல்லை.

அக்கா பெருமூச்சு விட்டார். "அப்ப தப்பு பண்ணதும் இல்லாம பொய் வேற சொல்றான். நல்ல மனுஷன்னு நெனச்சேன்." சாயங்காலம் ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் மணியண்ணனிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டாராம். கட்டுப்போட்ட கையால் கொடுத்தாராம்.

மணியண்ணன் பீடியை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. எனக்குத் தெரியும். என் கடையில்தான் கடைசி பீடிக்கட்டைக் குப்பையில் போட்டார்.

ஜூன் 10, வெள்ளி

கடை திறக்கவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை.

ஸ்டாண்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு வைத்திருக்கும் ஜீப்பை யாரும் இல்லாத நேரம் போய்ப் பார்த்தேன். இஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் நான் போட்ட ஓட்டை. விளிம்பை அரம் போட்டு மழுக்கவில்லை. ரப்பர் வளையம் வைக்கவில்லை. டேப் மட்டும் சுற்றியிருந்தேன். மூன்று நாள் ஆட்டத்தில் டேப் அறுந்து, வயரின் உறை அறுபட்டு, உள்கம்பி தகட்டைத் தொட்டிருக்கிறது.

ஆம்ப்பில் இருந்த நாற்பது ஆம்பியர் பியூஸ் இரண்டும் நன்றாக இருக்கின்றன. நன்றாகத்தான் இருக்கும். அவை வண்டியின் பின்னால். வயர் தொட்டது முன்னால். அந்த இடத்துக்கும் பேட்டரிக்கும் நடுவில் தடுக்க ஒன்றுமே இல்லை. டெர்மினலைப் பிய்க்கும்வரை பேட்டரி கரன்டைக் கொட்டிக்கொண்டே இருந்திருக்கும். பெரிய பியூஸ் ஆம்பைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற, அதனால்தான் பேட்டரியிலிருந்து இரண்டு சாணுக்குள் இருக்க வேண்டும். இதைப் பத்துப் பேருக்குப் பாடம் எடுத்தவன் நான்.

இன்னொன்று. இங்கேகூட எழுதத் தயங்கினேன். அறுபது ஆம்பியர் பியூஸ் மேஜை டிராயரில் இருந்தது. சனிக்கிழமையும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. போட்டிருந்தால், வயர் தொட்ட அந்த நொடியே போயிருக்கும், பாட்டு நின்றிருக்கும், அவ்வளவுதான். ஆனால் முழுச் சத்தம் வைத்தாலும் அறுபது போய்விடும். ட்ரிப் நடுவே பாட்டு நின்றது, ரவி வேலை சரியில்லை என்று திரும்பி வருவார்கள். அதற்காகப் போடவில்லை.

கப்பல்மேல் பழி போட்டேன். பிறகு மணியண்ணன்மேல். வெட்கம் கெட்டவன்.

ஜூன் 12, ஞாயிறு

மழை. பல் வலி, இடது பக்கம். கிராம்பு.

லதா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"லிஸ்ட்டை எதுக்கு அழிச்சீங்க?"

"பழசாயிடுச்சு."

"ஒண்ணும் பழசில்ல. போன வாரம் சனிக்கிழமைதான் முழுசையும் போன்ல படிச்சேன். செல்வி அக்கா ஜீப்புக்கு எண்பது ஒண்ணு, தாதாவுக்கு ஹார்ன் ரெண்டு..."

பாதியில் நிறுத்திவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அரிசி களையப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இன்று முழுக்க என்னிடம் அவள் பேசியது இரண்டு வார்த்தை: சாப்பாடு, விளக்கு.

ஜூன் 14, செவ்வாய்

கப்பல் வந்துவிட்டது. ஹேடோ ஜெட்டியில் பார்சல் எடுத்தேன். வந்தவை: ஹார்ன் 2, ரிலே 10, டேப் ஒரு பெட்டி, ரப்பர் வளையம் ஒரு பாக்கெட், எண்பது பியூஸ் 1, டப்பாவோடு.

லதா பிரித்து அடுக்கினாள். எல்லாவற்றையும் ரேக்கில் வைத்தாள். பியூஸை மட்டும் என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 15, புதன்

மணியண்ணன் வீட்டுக்குப் போனேன். புரோத்ராபூர், ரோட்டிலிருந்து உள்ளே, பாக்குமரங்களுக்கு நடுவில் தகரக் கூரை. கச்சால் தீவில் சுனாமி அலை எல்லாவற்றையும் கொண்டுபோன பிறகு இங்கே வந்தவர். ரப்பர் தோட்ட வேலைக்கு இனி போவதில்லை என்று ஓட்டப் பழகி லைசன்ஸ் எடுத்தார். அந்த லைசன்ஸ் இப்போது அலமாரியில்.

இடது கையால் டம்ளரை எடுத்து எனக்குத் தேத்தண்ணி கொடுத்தார். வலது கையில் கட்டு. விரல்கள் மடங்கவில்லை. யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லையாம். "வண்டியக் கொளுத்துனவன்கிட்ட யாரு சாவி குடுப்பா" என்று சாதாரணமாகத்தான் சொன்னார்.

சட்டைப்பையிலிருந்து பியூஸை எடுத்து வைத்தேன். சொன்னேன். துடைத்த சுவர், அறுபது ஆம்பியர், உருகிய டப்பா என்ற பொய், எல்லாம். அழுதேன் வேறு. அவர் என்னைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது, அதை நினைத்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது.

முழுவதும் கேட்டார். பியூஸைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இந்தச் சின்னச் சாமான்தானா. அந்தம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லண்ணே."

"அப்ப எங்கிட்ட எதுக்கு வந்தீங்க? எனக்குத்தான் மொதல்லயே தெரியும் தானே."

கோபமே இல்லை குரலில். தேத்தண்ணி ஆறுது, குடிங்க என்றார். குடித்தேன்.

உண்மையில் எதற்குப் போனேன்? மன்னிப்பு வாங்கிக்கொண்டு, அத்தோடு முடித்துவிடலாம் என்றுதான்.

ஜூன் 16, வியாழன்

மழை இல்லை, புழுக்கம். கடை திறக்கும் முன்பே ஹேடோ. கதவைத் திறந்தது அக்காவே. உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். அழக்கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டு போனேன், அழவில்லை.

அக்கா கதவைச் சாத்தினார். பிறகு:

"உன்னை நம்பி, ஊர் முன்னாடி அவனப் பொய்யன்னு சொன்னேன் ரவி."

"ஆமாக்கா."

"வண்டி போனா வேற வண்டி வரும்."

உள்ளே போனார். போலீசுக்குப் போன் போடுகிறாரோ என்று நினைத்தேன். புடவை மாற்றிக்கொண்டு, கையில் சாவியோடு வந்தார், அவருடைய இன்னொரு ஜீப்பின் சாவி. என் பைக்கில் பின்னால் ஏறினார். முதலில் ஸ்டாண்டுக்கு விடச் சொன்னார். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த பதினைந்து இருபது பேர் நடுவில் என்னை நிறுத்தி, "சொல்லு" என்றார். சொன்னேன். ஹிந்தியிலும் சொல்லச் சொன்னார். ஒருத்தரும் திட்டவில்லை. ஒருத்தர் மட்டும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

பிறகு புரோத்ராபூர். பாக்குமரங்களுக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் பைக் போகாது. இறங்கினோம். தகரக் கூரை தெரிந்ததும் அக்கா நின்றுவிட்டார். சாவியைப் புடவை முந்தானையில் துடைத்தார், அழுக்கே இல்லாத சாவியை.

"எனக்கும் அவன் மொகத்துல முழிக்க ஒரு மாதிரி இருக்கு," என்றார். "நீ முன்னாடி நட."