குழாய்ச் சத்தம்

மார்ச் 3

மாட்சிமை தாங்கிய என் அண்ணன் மகளுக்கு,

லிஃப்ட் மெக்கானிக்குகளின் சக்கரவர்த்தியாகிய உன் சித்தப்பா நலம். "நாவலுக்கு ஒண்ணுமே தோணல சித்தப்பா, ஏதாவது அனுப்புங்க" என்று புலம்பியிருந்தாய். இந்தா, பிடி. போன வாரம் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் ஒரு கல்யாண மாப்பிள்ளை மாட்டிக்கொண்டார். நான் கதவைத் திறப்பதற்குள் அவருக்குத் தாடி முளைத்து நரைத்தும்விட்டது. பெண் வேறொருவரைக் கட்டிப் பேரனும் எடுத்துவிட்டாள்.

இன்னொன்று. உன் சித்தி தினமும் குளியலறையைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, அதோடு அரட்டை அடிக்கிறாள். "சட்டை ஏன் இப்படிக் கசங்கியிருக்கு?" என்று குழாயைக் கேட்கிறாள். ஊர் ஏரி பாதி காலி.

வேண்டியதை அள்ளிக்கொள்.

உன் சித்தப்பா

மார்ச் 20

அன்புள்ள சித்தப்பா,

தாடி மாப்பிள்ளையை யாரும் நம்பமாட்டார்கள். குழாயை எடுத்துக்கொண்டேன். நம் வீட்டு வழக்கப்படி நீங்கள் எழுதியதைப் பத்தால் வகுத்தேன். சித்தி என்றோ ஒருநாள் குளிக்கும்போது முணுமுணுத்திருப்பார் என்று விடை வந்தது. மீதி என் கற்பனை. பதிப்பாளர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதெல்லாம் எங்கேருந்து பிடிக்கிறீங்க?" என்றார். தொழில் ரகசியம் என்றேன். சித்தியிடம் மூச்சு விடாதீர்கள். புத்தகத்தை நானே அனுப்பி அசத்துகிறேன்.

உங்கள் மகள்

நவம்பர் 8

மகளே,

புத்தகம் வந்தது. சித்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆசையாகத்தான் உட்கார்ந்தாள். குழாய் வந்த பக்கத்தில் நிறுத்தினாள். "நீங்க கேட்டுக்கிட்டா இருந்தீங்க?" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து வாளி நிரம்பியதும் குழாய் நின்றுவிடுகிறது.

அவள் பேசியது குழாயோடு இல்லை. உன் தம்பியோடு, எங்கள் பையனோடு. பைக்கில் போனவன் திரும்பி வராத நாளிலிருந்து தினமும். குரல் வெளியே வரக்கூடாதென்று தண்ணீரைத் திறந்துவிடுவாள். நான் ஸ்பேனர் துடைக்கிற சாக்கில் கதவோரம் உட்கார்ந்து கேட்பேன். எனக்கும் அவன் அங்கேதான் இருந்தான்.

உள்ளபடி எழுதக் கை வரவில்லை. வேடிக்கையாக்கி அனுப்பிவிட்டேன். என் கடிதத்தை எல்லாரும் வகுப்பீர்கள். இதை மட்டும் பெருக்கியிருக்க வேண்டும்.

சித்தப்பா

நவம்பர் 15

சித்தப்பா,

அடுத்த பதிப்பில் அந்த அத்தியாயம் இருக்காது. ஆனால் படித்தவர்களிடமிருந்து எப்படிப் பிடுங்குவது? சித்திக்குப் போன் செய்தால், "நல்லாருக்கேன்மா, அடுப்புல வேலை" என்று வைத்துவிடுகிறார். சித்தி மறுபடி பேசுகிறாரா? ஒன்றையும் கூட்டாமல் எழுதுங்கள்.

மகள்

ஜனவரி 2

மகளே,

உன்மேல் அவளுக்குக் கோபமில்லை. என்னோடுதான் பேச்சில்லை. உப்பு வேண்டுமென்றால் டப்பாவைக் காட்டுகிறேன், நகர்த்தி வைக்கிறாள்.

நேற்று குழாய் திறந்த சத்தம் கேட்டது. வாளி நிரம்பி வழிந்தும் நிற்கவில்லை. நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு, அவளுக்குக் கேட்கட்டும் என்று வாசல் கதவை அறைந்து சாத்திவிட்டு, தெருமுனையில் போய் நின்றேன். இனி தினமும் அங்கேதான் நிற்பேன்.

அதனால் உனக்கு அனுப்ப என்னிடம் ஒன்றுமில்லை. நேற்று அவன் சட்டை கசங்கியிருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

சித்தப்பா