பெரட்டில் முதல் பேர்

என் ஆசை அம்மாவுக்கு,

நல்லா இருக்கியான்னு கேட்க வழியில்ல, அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். உன் மக நேத்து ஒரு பெரிய வேலை பார்த்துட்டா. பீத்திக்கிறேன்னு நினைச்சா நினைச்சுக்க. உன்கிட்ட பீத்திக்காம வேற யாருகிட்ட போவேன்?

ஹட்டன் ஆபீஸ்ல நான் பார்க்கிற கம்பியூட்டர், அதான் அலமாரி கணக்கா நிக்குமே, அதுக்குள்ள யாரு இருக்காங்கன்னு கடைசி நாள்ல டிக்கோயா ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு கேட்டியே. அப்ப சிரிச்சுட்டேன். இப்ப சொல்றேன், கேளு. உள்ள ஒரு கங்காணி இருக்கார். எந்த வேலை முதல்ல, எது அப்புறம்னு பிரிச்சுக் குடுக்கிறவர். எங்க பாஷையில கேர்னல். புதுசா வாங்கின ரெண்டு திரையையும் பழைய கேர்னலுக்கு அடையாளம் தெரியல. அதனால புதுசு ஒண்ணு கட்டணும். டேப்புல வந்த ஆயிரக்கணக்கான வரிகளை மெஷினுக்குப் புரியிற மாதிரி மாத்தி, ஒண்ணாச் சேர்த்து, பழசு இருந்த இடத்துல வைக்கணும்.

கொழும்புல இருந்து ஆளைக் கூப்பிடலாம்னு மானேஜர் ஐயா சொன்னார். நானே செய்றேன்னுட்டேன். சரி, மெஷின் எழும்பலைன்னா அந்த ஆளையே உன் நாற்காலியில நிரந்தரமா உட்கார வச்சிருவேன்னார்.

காலையில ஆரம்பிச்சது மத்தியானச் சாப்பாடு தாண்டியும் ஓடுச்சு. வெளிய மழை. கரண்டு போயிருமோன்னு பக்கத்து மேசை சுமணா அக்கா புத்தர் கோயில் பிரித் மந்திரம் ஓதாத குறைதான். ஒருவழியா புதுசை எழுப்பினேன். திரை பாதியில அப்படியே நின்னு போச்சு. மானேஜர் ஐயா கதவுகிட்ட நின்னு பார்த்துட்டுப் போயிட்டார்.

நல்ல வேளை, பழசை அழிக்காம வேற பேர்ல வச்சிருந்தேன். அதை எழுப்பி, நான் விட்டுட்ட ஒரு வரியைத் தேடிப் பிடிச்சு எழுதி, மறுபடியும் கட்டினேன்.

எழும்பிருச்சு அம்மா! ரெண்டு திரையும் வேலை செய்யுது. மானேஜர் ஐயா டீ வரவழைச்சு முதல் கோப்பையை என்கிட்ட நீட்டினார்.

உனக்கு ஞாபகம் இருக்கா? என்னைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு ஒருநாள் தோட்டத்துல காலையில ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் பிந்திப் போன. பேர் கூப்பிட்டு முடிஞ்சிருச்சு, லயத்து வீட்டுக்கே திரும்பிப் போன்னு கங்காணி விரட்டிட்டார். அன்னைக்கு உனக்கு வேலை இல்ல. சாயங்காலம் என் தலையைத் துவட்டிக்கிட்டே ஒண்ணுதான் சொன்ன: "பெரட்டுல எவனும் உன் பேரைக் கூப்பிடக் கூடாது. படி."

கேர்னலைக் கட்டுறவங்க அதுக்கு ஒரு பேர் வைக்கணும். மெஷின் எழும்புறப்ப முதல் வரியில அந்தப் பேர்தான் வரும். நான் ராக்காயின்னு வச்சிருக்கேன். இங்கிலீஷ் எழுத்துலதான், கோவிச்சுக்காத. இனிமே அங்க நீதான் கங்காணி.

தினமும் காலையில நான்தான் மெஷினை எழுப்புவேன். உன் பேர் வர்ற வரைக்கும் வேற எதையும் தொட மாட்டேன். இது சத்தியம்.

நீ கொழுந்துக் கூடை தூக்க விடாத
உன் கடைசி மக,
லெட்சுமி