பாக்கின் தாய்க்கு ஒரு கும்பிடு

ஒனிஹங்கா, ஓக்லாந்து
17 ஆடி 1994

அன்புள்ள கிளின்ரனுக்கு,

இல்லை மகன், அப்பா வழுக்கி விழவில்லை. ரெலிபோனில் அவர் உனக்குச் சொன்னது பொய். நீ சியோலில் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். நாங்கள் உயிரோடு இருக்கிறோம், இன்றைக்கு அவ்வளவுதான் எழுதலாம்.

பக்கத்து வீட்டுப் பாக் கொரியாவின் வடக்கில் பிறந்தவர் என்று உனக்குத் தெரியும். ஐம்பதாம் ஆண்டு யுத்தத்தில் சின்னப் பிள்ளையாகத் தமையனோடு ஆற்றைக் கடந்தவர். தாய் அடுத்த படகில் வருவதாகச் சொல்லி நின்றாள். அந்தக் கரையில் குண்டு விழுந்தது. இருக்கிறாளா செத்தாளா, இன்றுவரை தெரியாது. இந்த மாதம் இரண்டு பக்கத் தலைவர்களும் சந்திக்கப் போகிறார்கள் என்றதும் மனுசன் வீட்டுக்குப் புதுப் பெயின்ற் அடித்தார். போன கிழமை வடக்குத் தலைவர் செத்துப்போனார். சந்திப்பு இல்லை. வியாழக்கிழமை தாயின் பிறந்தநாளென்று அரிசிமாக் கேக் அவித்து எங்களைக் கூப்பிட்டார். அப்பா ஆறுதல் சொல்லத்தான் போனார், சத்தியமாக. கத்தியை எடுத்துக் கேக்கை நடுவால் வெட்டி, இது வடக்கு, இது தெற்கு, அங்கே கொம்யூனிசம், இங்கே முதலாளிகள், ஒட்ட வெளிக்கிட்டால் இன்னும் சாவுதான், பிரிந்தே இருங்கோ, எங்கள் நாட்டில் அந்தப் பிரிவுக்குத்தானே நாங்கள் சாகிறோம் என்றார்.

பாக் கத்தியின் அலகைக் கையால் பிடித்தார். அப்பா இழுத்தார். உள்ளங்கை பிளந்தது. மற்றக் கையால் தேத்தண்ணிக் கேத்தலைத் தூக்கி அப்பாவின் முகத்தில் அடித்தார். அப்பா அவர் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினார், மோத மோத மகேசன் மகேசன் என்று கத்தினார், ஊரில் ஆமி பிடித்துக்கொண்டுபோய்த் திருப்பித் தராத உன் சித்தப்பாவின் பெயர். வெள்ளைக் கேக் சிவந்தது. கதிரையால் இருவருக்கும் அடித்துத்தான் பிரித்தேன். பொலிஸ் வந்தது. கேக் வெட்டும்போது கத்தி வழுக்கியது என்றார் அப்பா. யெஸ், யெஸ் என்றார் பாக். அப்போ கேத்தல்? அதுவும் வழுக்கியதாம். பொலிஸ்காரன் என்னைப் பார்த்தான். நான் நிலத்தைத் துடைத்தேன்.

அந்த நாடு ஒட்டுமா என்று கேட்டாய். தெரியாது. ஒட்டவேண்டும் என்பவரும் பிரியவேண்டும் என்பவரும் ஒரே மாதிரித்தான் அடித்தார்கள். எல்லையிலுள்ள இம்ஜின் ஆற்றங்கரையில், ஊர் திரும்பமுடியாத சனம் திருநாளில் வடக்கைப் பார்த்து நெற்றி நிலத்தில் பட விழுந்து பெற்றோரைக் கும்பிடுமாம். தமையனும் செத்துப்போனார், இனித் தன் தாய்க்காக நீ விழவேண்டும் என்று பாக் கேட்டார், நீயும் ஓம் என்றாய். இப்போது அப்பா, அவனுக்காக விழுந்தால் இந்த வாசலை மிதிக்காதே என்கிறார். நீ விழு. மகேசனுக்கு உடலும் இல்லை, பார்த்துக் கும்பிட அப்பாவுக்கு ஒரு திசையும் இல்லை, அந்த ஆத்திரம். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பாஸ்போர்ட்டையும் கொஞ்ச உடுப்பையும் ஒரு பையில் எப்போதும் வை. சைரன் ஊதினால் ஓடு. அடுத்த படகில் வருகிறேன் என்று யாருக்கும் சொல்லாதே. மாதா உன்னைத் தன் சேலைக்குள் வைத்திருக்கட்டும்.

அன்பு அம்மா,
பேர்ணடெட்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன், அப்பா பார்த்துக்கொண்டிருக்க, சோறும் மீன்குழம்பும் எடுத்துக்கொண்டு பாக் வீட்டுக்குப் போனேன். நீ விழுவாய் என்று சொல்லிவிட்டு வந்தேன்.