மைதானத்துக்கு நீ கேட்டது

இன்று காலை இங்கே சிதம்பரம் மேல வீதியில் பிளீச்சிங் பவுடர் நாற்றம். ஆபீசுக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால் தெருவின் இரண்டு ஓரமும் வெள்ளைக்கோடு. யாரோ பெரிய மனிதர் கோயிலுக்கு வருகிறாராம். நேற்றுவரை அடைத்துக்கொண்டு கிடந்த சாக்கடை இன்றும் அடைத்துக்கொண்டுதான் கிடக்கிறது. மேலே மட்டும் பவுடர். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, கூடவே உன் ஞாபகமும் வந்தது. உன்னையும் குமட்டலையும் ஒரே மூச்சில் சொல்கிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. நீதானே சொல்வாய், "பவுடர் கொட்னா பெரிய ஆளு வராங்க, கொசு மருந்து அடிச்சா எலெக்ஷன் வருதுடி" என்று.

நீ போன பிறகு கடலூரில் உன் பெயரில் ஒரு விழா நடந்தது. அதைப் பற்றி உனக்கு யாராவது சொல்லியாக வேண்டும். எனக்கும் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். வீட்டில் சொன்னால், "அதையே எத்தன வாட்டி பேசுவ" என்கிறார் என் வீட்டுக்காரர்.

பள்ளிக்கூடத்தில் நாம் இருவரும் ஒரே கோ-கோ டீம். நான் கல்யாணமாகிச் சிதம்பரம் வந்தேன், இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்தேன், இடுப்பு பெருத்தேன். நீ கடலூரில், செம்மண்டலத்திலேயே இருந்தாய். பகலெல்லாம் மருந்துக்கடை, சாயங்காலமானால் மைதானம். அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஓடுவாய். உன்னை யாராவது கோச் என்றால் நெளிவாய். "கோச்செல்லாம் இல்லீங்க, கூட்டிக்கினு போய் கூட்டிக்கினு வரவ, அவ்ளோதான்" என்பாய்.

பெண்ணாடத்துக்கு ஒரு போட்டிக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? கரும்பு ஆலை ஓடுகிற காலம், ஊரே பாகு வாசனை. நான் லீவு போட்டுவிட்டு உன்னோடு ஒட்டிக்கொண்டேன். வேனை விட்டு இறங்கியதும் மற்ற டீம்காரர்கள் எல்லாரும் தரை எப்படி, மண் எப்படி என்று பார்க்கப் போனார்கள். நீ நேராக எதிர்சாரியில் இருந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாய். வாசலுக்கு வந்த அம்மாவிடம் ஊர்க்கதை, கரும்புக்கதை எல்லாம் பேசிச் சிரித்துவிட்டுக் கடைசியில், "நம்ம புள்ளைங்க அவசரம்னா இங்க வந்துக்கலாமாக்கா?" என்று கேட்டாய். திரும்பி வந்து பிள்ளைகளைப் பார்த்து, "இப்பத் தண்ணி குடிங்க" என்றாய். அதுவரை ஒருத்தியும் பாட்டிலைத் தொடவில்லை. அந்த வெயிலில்.

அதுதான் உன் வழக்கம். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ஒரு கதவு. காட்டுமன்னார்கோயிலில் ஒரு ரைஸ்மில் வீடு, சிதம்பரத்தில் நம் வீடு. சொந்த ஊரில் மட்டும்தான் உனக்குக் கதவு இல்லை. நம் மைதானத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கிடையாது. ஆண்களுக்கும்தான் கிடையாது, ஆனால் அவர்களுக்குச் சுற்றுச்சுவர் இருந்தது. உன் பிள்ளைகள் உன் மருந்துக்கடையின் பின்பக்கம் போய்வருவார்கள். கடை மூடிய நாளில் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் ஓடுவார்கள்.

நீ மனு கொடுத்தாய். நகராட்சியாக இருந்தபோது கொடுத்தாய், மாநகராட்சி என்று போர்டு மாறிய பிறகும் கொடுத்தாய். அவர்கள் உன்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள்! இளைஞர் நலனுக்காகப் பாடுபடுகிற தங்கை என்று பொன்னாடை போட்டார்கள், போட்டோ எடுத்ததும் பின்னால் நின்றவர் அதே பொன்னாடையை உருவி அடுத்தவர் தோளில் போட்டார். கேடயம் மட்டும் உன்னிடம் தங்கியது. நீ கழிப்பறை கேட்ட ஒவ்வொரு வருஷமும் ஒரு கேடயம். உன் அம்மா ஒன்றை எடுத்து ஆடுகிற பிரிட்ஜுக்குக் கால் முட்டுக் கொடுத்திருந்தார்கள். நீ அதைக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தாய். "பரவால்லடி, இதுவாச்சும் ஒரு எடத்துல நிக்கிது" என்றாய். எனக்கு அன்றைக்கும் சிரிப்பு வரவில்லை.

சுகன்யாவை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் டீமிலேயே வேகமான கால் அவளுக்குத்தான். நீ என்னிடம் போனில் பேசினாலே பாதி நேரம் அவள் பேச்சுத்தான். அவள் அம்மா ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறவர். நாளெல்லாம் நின்றபடியே வேலை, உள்ளே ஒதுங்க இடமில்லை. போன வருஷம் அவர் மைதானத்துக்கே வந்து உன்னிடம் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். "நான்தான் கடையில அடக்கி அடக்கி சீக்க வாங்கிக்கினேன். எம் பொண்ணும் வாங்கணுமா? இங்க ஒரு ரூம் கட்னா ஆடட்டும். இல்லன்னா ப்ளஸ் டூவோட நிறுத்திடறேன்மா, கோச்சிக்காத." நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டாய். "இந்த வருஷம் எப்படியும் வாங்கிடறேன்க்கா. அதுவரைக்கும் வுட்டு வைங்க" என்றாய்.

அந்த வருஷ மழையில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. மருந்துக்கடைக்காரர் வேறு ஆளைப் போட்டார். பின்பக்கக் கதவுக்குப் பூட்டுப் போட்டார்.

பிறகு மாநகராட்சியிலிருந்து எனக்குப் போன் வந்தது. இளைஞர் பாராட்டு விழாவாம். ஆட்டத்தில் சிறந்த பெண்ணுக்கு உன் பெயரில் விருதாம், அது சுகன்யாவுக்குத்தானாம். நீ இருந்தபோது உன் பெயரைப் பாதி தப்பாக எழுதியவர்கள், நீ போன பிறகு இனிஷியலோடு சரியாக எழுதியிருந்தார்கள். உன் தோழி என்ற முறையில் நானும் மேடைக்கு வரவேண்டுமாம். வேண்டாம் என்றுதான் முதலில் வாயில் வந்தது. மைக் கையில் கிடைத்தால் நீ கேட்ட கழிப்பறையை எல்லார் முன்னாலும் கேட்டுவிடலாமே என்று தோன்றியதும் சரி என்றேன். சுகன்யாவின் அம்மாவும் அதற்காகத்தான் கடையில் சொல்லிவிட்டு வந்தார். "நீங்க கேக்கறத நானும் கேக்கறேன். அவுங்க என்னா சொல்றாங்களோ அதப் பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்" என்றார்.

விழா எங்கே தெரியுமா? நம் மைதானத்தில். உன் கோ-கோ கம்பங்களைப் பிடுங்கி ஓரமாய்ப் போட்டுவிட்டு அந்த இடத்தில் சோபா. சுற்றிலும் பிளீச்சிங் பவுடர். மேடைக்குப் பின்னால் சிவப்புக் கம்பளம் விரித்து ஒரு பெரிய வண்டி நின்றது. ஏ.சி. வைத்த கழிப்பறை வண்டி! கண்ணாடி, வாஷ்பேசின், ரூம் ஸ்பிரே எல்லாம் உண்டாம். ஒரு நிமிஷம் உன் மனு பலித்துவிட்டது என்றே நினைத்தேன், அவ்வளவு பைத்தியக்காரி நான். சிறப்பு விருந்தினருக்காக வாடகைக்கு வந்த வண்டி அது. வாசலில் சாவியோடு ஒரு செக்யூரிட்டி.

பிள்ளைகளை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கே வரச்சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் வரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. அதற்குள் சுகன்யா அந்தச் செக்யூரிட்டியிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவள் அம்மாவும் போய்க் கேட்டிருக்கிறார். "மேடைல உக்கார்றவங்களுக்கு மட்டுந்தாம்மா ஆர்டர்" என்றாராம் அவர். மேடையில் உட்கார்ந்திருந்த எனக்கு இதெல்லாம் தெரியாது. தொகுப்பாளர் மைக்கைப் பிடித்து, "நாளைய இந்தியாவின் தூண்களே!" என்று முழங்கிக்கொண்டிருந்தார். தூண்களுக்கு மூத்திரம் வராது என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

உன் பெயரைச் சொன்னார்கள். கை தட்டினார்கள். சுகன்யாவின் பெயரைச் சொன்னார்கள். யாரும் வரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். கீழே அவள் அம்மா எழுந்து நின்று, "பாத்ரூம் போயிருக்கா, வண்டியத் தெறக்க மாட்டேன்னுட்டாங்க, வந்துடுவா, வந்துடுவா" என்று கையை ஆட்டிக் கத்தினார். விருந்தினர் வாட்சைப் பார்த்தார். பண்ருட்டியில் அடுத்த விழா இருக்கிறதாம். என் பக்கத்தில் நின்ற அதிகாரி தணிந்த குரலில் ஒரு வார்த்தை சொன்னார். அதை மட்டும் நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

"யாராச்சும் ஒரு பொண்ண ஏத்துங்கப்பா. போட்டோதானே."

வரவேற்பு நடனம் ஆடிய பிள்ளைகளில் ஒன்றை, சலங்கைகூட அவிழ்க்காதவளை, தள்ளிக்கொண்டுவந்து என் எதிரே நிறுத்தினார்கள். கேடயத்தில் ஒரு கை விருந்தினருடையது, ஒரு கை என்னுடையது. நான் கையை எடுத்தேன். மைக்கை வாங்கி, "இந்த விருது இந்தப் புள்ளைக்கு இல்லைங்க. அந்தப் புள்ளை ஒதுங்க எடம் தேடிப் போயிருக்கு. வர்ற வரைக்கும் நிக்கலாம். அந்த வண்டியோட சாவியக் குடுத்திருந்தா இந்நேரம் இங்க நின்னிருக்கும்" என்றேன். கூட்டத்தில் சிரிப்பு. ஆமாம், சிரித்தார்கள். தொகுப்பாளர் என் கையிலிருந்து மைக்கை எடுத்துக்கொண்டு, "தோழியின் நினைவில் மேடம் உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க, ஒரு பலத்த கைதட்டல்!" என்றார். அதற்கும் கை தட்டினார்கள். போட்டோ எடுத்து முடித்தார்கள்.

கேடயத்தோடு நின்ற அந்த நடனப்பிள்ளை என் முந்தானையைப் பிடித்து இழுத்தது. குனிந்தேன். "ஆன்ட்டி, எனக்கும் அவசரம்" என்றது. அதன் கையைப் பிடித்துக்கொண்டு நேரே வண்டிக்குப் போனேன். செக்யூரிட்டி என்னைப் பார்த்ததும் சல்யூட் அடித்துக் கதவைத் திறந்தார். "மேடையில உக்காந்த ஆளுதான், பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கீழே இருந்த பிள்ளைகளை எல்லாம் கைகாட்டிக் கூப்பிட்டேன். ஓடிவந்தார்கள். வரிசை மேடைக்கு முன்னால்வரை நின்றது. விருந்தினரின் கார் கிளம்ப வழியில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. அந்த நாளில் எனக்கு வாய்த்த ஒரே சந்தோஷம் அந்த ஹாரன்தான்.

சுகன்யா அதற்குப் பிறகுதான் வந்தாள், மூச்சிரைக்க. எங்கே போனாள் தெரியுமா? உன் வீட்டுக்கு, அவ்வளவு தூரம். பழக்கப்பட்ட கதவு வேறு எது இருக்கிறது அவளுக்கு? உன் பெயரில் இங்கே விருது கொடுத்த நேரம் அவள் அங்கே உன் அம்மாவிடம் சாவி வாங்கி உன் வீட்டுக் கொல்லைப்பக்கம் போயிருக்கிறாள். "கூப்ட்டாங்களாக்கா?" என்று கேட்டாள்.

அவள் அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "நீங்க கேட்டுட்டீங்க. நானும் பாத்துட்டேன். வரோம்மா" என்றார், அவ்வளவுதான். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. நடனப்பிள்ளை கேடயத்தோடு முழிக்கிறது, கீழே சுகன்யாவின் பெயர். இளைஞர்களின் கனவுக்கு நகரம் கைகொடுக்கிறது என்று அதற்கு ஒரு தலைப்பு வேறு. விடிந்ததும் வண்டியையும் கம்பளத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். உன் கம்பங்களைத் திரும்ப நட ஆளில்லை. ஒரு வாரம் கழித்து நானும் மிச்சமிருந்த பிள்ளைகளும் நட்டோம். சுகன்யா வரவில்லை.

உன் கேள்வியை நான் எடுத்துக்கொண்டேன். மாசத்தில் ஒரு திங்கட்கிழமை, மனு வாங்குகிற நாளில், அரைநாள் லீவு போட்டுக் கடலூருக்கு பஸ் ஏறுகிறேன். போன தடவை, மேடையில் "போட்டோதானே" என்ற அந்த அதிகாரியே இருந்தார். அடையாளம் தெரிந்து நாற்காலி போடச் சொன்னார், டீ சொன்னார். நான் கழிப்பறை என்று ஆரம்பிப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"அன்னைக்கு ஒரு சின்ன கன்ஃப்யூஷன் மேடம். அடுத்த வருஷம் அந்தப் பொண்ணுக்கே குடுத்துடலாம். உங்களையும் கௌரவிக்கலாம்னு இருக்கோம். அந்தப் பொண்ண வரச் சொல்லுங்க."

"அது வராது சார்."

"ஏன், வெளியூர்ல படிக்குதா?"

"இல்ல சார். வீட்லதான் இருக்கு. ஆட்டத்த நிறுத்திட்டாங்க."

"அடடா," என்றார் அவர். "நல்லா ஓடற பொண்ணாச்சே." டீயை எடுத்து உறிஞ்சினார்.

நான் குடிக்கவில்லை. கழிப்பறை, சார், என்றேன். ரிஜிஸ்டரில் பதிந்துகொண்டார்கள். அடுத்த மாசமும் போவேன். நீ அந்த அறைக்குள் போகும்போது செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கும்பிட்டபடி, சிரித்த முகமாய்ப் போவாய். உன் பொறுமை எனக்கு வரவில்லை. நான் செருப்போடுதான் போகிறேன்.