வாப்பா ரிட்டயர் ஆகும் மாதம்

ஜூன் 17, செவ்வாய்

மதியத்திலிருந்து மழை. ஷூ முழுக்க நனைந்துவிட்டது. கேஸ் அடுப்புப் பக்கத்தில் காய வைத்தேன், உம்மாவிடம் திட்டு. சயின்ஸ் நோட்டுக்கு அட்டை போட வேண்டும். பிரவுன் பேப்பர் இல்லை.

இரவு 11.40. நான் மாடியில், மற்ற மூன்று பேரும் கீழே. போர்வைக்குள் பழைய மொபைலின் டார்ச். சார்ஜ் கொஞ்சம்தான். தமிழில் எழுதுவதால் அண்ணன் ரபி காக்கா பற்றிக் கவலை இல்லை. அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட வராது. வாப்பாதான் தினமும் தமிழ் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர். வாப்பா ஏணி ஏறமாட்டார். முழங்கால் வலி.

இன்று பயந்துபோனேன். ஏணி ஏறும் ஓட்டை வழியாகக் கீழே பேசுவதெல்லாம் மேலே கேட்கும். ஒட்டுக் கேட்கவில்லை, கேட்டது.

வாப்பா: "கல்யாண்ல ஒரு ரூம வாங்கிட்டு அங்கனயே போயிருவோம். இந்த வீட்ட வாடகைக்கு விட்டா மாசம் பன்னெண்டாயிரம் வரும்லா."

உம்மா: "புள்ளைக்குப் பத்தாப்பு."

வாப்பா: "ட்ரெயின் இருக்கு. ஊரே போகுது வருது."

அதற்குப் பிறகு குறட்டை மட்டும்.

ஜூன் 30 வாப்பாவின் கடைசி டூட்டி. பஸ் கண்டக்டராக முப்பத்து மூன்று வருடம். இன்னும் 13 நாள். எனக்கு ஸ்கூல் மாட்டுங்காவில், தாராவியிலிருந்து நடந்தே போகிறேன். கல்யாண் என்றால் ஊருக்கு வெளியே வெகுதூரம், தினமும் லோக்கல் ட்ரெயின். எட்டாவது படிக்கும்போது தாதர் ஸ்டேஷன் கூட்டத்தில் உம்மாவின் கை விட்டுப்போனது. ஐந்து நிமிடம் இருக்கும். யாரோ ஒரு முழங்கை என் கழுத்தில். இப்போதும் சில இரவு அந்த முழங்கை வருகிறது.

சார்ஜ் 2%.


ஜூன் 18, புதன்

மழை விட்டுவிட்டு. டிபன்: ரவா உப்புமா (கட்டி). பிரவுன் பேப்பர் வாங்கியாயிற்று.

சாயங்காலம் பேங்கிலிருந்து ஒருவர் வந்தார். வாப்பாவுக்கு பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து வருகிறதே, அதை டெபாசிட் போட்டால் மாதா மாதம் வட்டி, உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார். வாப்பா அவருக்கு டீ கொடுத்தார், கேட்டுக்கொண்டார், வாசல் வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்து, "நல்ல மனுசன். வட்டி ஹராம்னு அவருக்குச் சொல்லி என்ன பண்ண" என்றார்.

வட்டி மார்க்கத்தில் கூடாது, வாடகை ஆகும். அதனால்தான் ரூம். இப்போது புரிகிறது. புரிந்ததால் பயம் குறையவில்லை.

பென்ஷன் பாரத்தில் பேர் எல்லாம் நான்தான் இங்கிலீஷில் நிரப்பினேன். முகவரிக் கட்டம் வந்ததும் வாப்பா, "அத மட்டும் பென்சில்ல எழுது" என்றார்.


ஜூன் 20, வெள்ளி

வாப்பாவுக்கு லீவு மிச்சம் இருக்கிறது. எடுக்காவிட்டால் வீண். அதனால் நேற்றும் இன்றும் வீட்டில். "ரிட்டயர்மெண்டுக்குப் பழகுதேன்" என்கிறார்.

பழகியவை:
- விடிகாலை 3.30க்கு எழுந்தார் (முதல் ஷிப்ட் பழக்கம்). எல்லாரையும் எழுப்பினார்.
- உம்மாவின் மசாலா டப்பாக்களை உயரப்படி அடுக்கினார். உம்மா மல்லித்தூள் என்று நினைத்து மிளகாய்த்தூள் போட்டாள். நல்ல கலர், சாப்பிட முடியவில்லை.
- ஜும்ஆ தொழுகைக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்தார்.
- தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களை வரிசையாக நிறுத்தினார். பக்கத்து வீட்டு மராத்திக்காரி அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். எதற்கென்று தெரியவில்லை.

உம்மா: "ஏங்க, ஒண்ணாந்தேதியிலேர்ந்து நான் ரிட்டயர் ஆயிக்கிறேன். நீங்க வீட்டப் பாருங்க."

வாப்பா: "ஒனக்கு நோட்டீஸ் பீரியட் இருக்கு."

சிரித்தோம். நானும்தான். மேலே வந்ததும் கல்யாண் ஞாபகம். ஞாயிற்றுக்கிழமை ரூம் பார்க்கப் போகிறோம். அங்கே குடிபோவது எனக்குத் தெரியும் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், பெரியவங்க பேச்சு உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள்.


ஜூன் 22, ஞாயிறு

கல்யாண் போய் வந்தோம். ஞாயிறு என்பதால் ட்ரெயினில் உட்கார இடம். எனக்கு ஜன்னல். வாப்பா என்னைப் பார்த்து, "பாத்தியா, ஒண்ணுமில்ல" என்ற மாதிரி தலையாட்டினார்.

மாமா ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். உம்மாவின் தம்பி, அங்கே பாத்திரக்கடை. ரூம் இரண்டாவது மாடியில். உள்ளேயே பாத்ரூம். தண்ணீர் காலையும் மாலையும். சமையலறை ஜன்னலைத் திறந்தால் மரம், காற்று. எல்லாமே நன்றாக இருந்தது, அதுதான் கஷ்டம். உம்மா குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடி. கடைசியில் அந்தச் சமையல் மேடை மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். உம்மாவை அப்படிப் பார்த்ததில்லை.

மாமா: "மச்சான், வியாழக்கிழமைக்குள்ள டோக்கன் பைசா குடுத்துருங்க. இன்னொரு பார்ட்டி நிக்குது."

வாப்பா: "பாத்துச் சொல்லுதேன்."

மாமா: "இதுக்கு மேல என்னத்தப் பாக்கணும்?"

வாப்பா திரும்பும்போது ஸ்டேஷன் டைம்டேபிள் முன்னால் நெடுநேரம் நின்றார். பேப்பர் படிக்கிற மாதிரி.

மாமி கொடுத்த நெய்ச்சோறு நன்றாக இருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பயம் இருந்தாலும் பசிக்கிறது.

வியாழன் என்றால் நான்கு நாள்.


ஜூன் 23, திங்கள்

ஜாமெட்ரி டெஸ்ட், 20க்கு 17. வீட்டில் காட்டவில்லை. தினமும் அந்த ட்ரெயின் என்றால் மார்க்குக்கு என்ன அர்த்தம்.

பாத்திமா டீச்சர் பத்தாம் வகுப்புப் பாரத்துக்கு முகவரி கேட்டார். நானும் பென்சிலில் எழுதினேன். டீச்சர் ரப்பரால் அழித்துவிட்டுப் பேனா கொடுத்தார்.


ஜூன் 24, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுத வேண்டும். இன்று மொபைல் ஃபுல் சார்ஜ்.

காலை எழுந்தபோது வாப்பா இல்லை. டூட்டியும் இல்லை, லீவு. உம்மாவுக்கும் தெரியவில்லை. "நாலு மணிக்கு வெளிய போனாக. கேட்டா, ஒரு வேலைன்னாக."

ஸ்கூல் விட்டு வந்தால் வாப்பா தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். சட்டையில் மேல் இரண்டு பட்டன் இல்லை. குடைக்கம்பி வளைந்து கிடக்கிறது. உம்மா முழங்காலில் தைலம் தேய்க்கிறாள்.

விஷயம் இதுதான். முதல் ட்ரெயினில் கல்யாணுக்குப் போயிருக்கிறார். அங்கிருந்து, நான் ஸ்கூலுக்குக் கிளம்ப வேண்டிய அதே நேரத்தில், 7.10 போல ஒரு ஃபாஸ்ட் லோக்கலில் ஏறியிருக்கிறார். அது மாட்டுங்காவில் நிற்காது, குர்லாவில் இறங்கி ஸ்லோ ட்ரெயின் மாறி மாட்டுங்கா வர வேண்டும்.

"கதவுகிட்டதான் நின்னேன். குர்லா வருது. உதர்னே தோ, எறங்க விடுன்னு கத்துதேன். ஏறுறவன் ஒருத்தன் வழி விடணுமே. அப்படியே உள்ள தள்ளிட்டான். மாட்டுங்காவையும் தாண்டி தாதர்லதான் கால் தரையில பட்டுச்சு. முப்பத்து மூணு வருசம் ஊரையே எறக்கி விட்டவன் நான். என்னைய எறக்கிவிட ஒரு ஆளு இல்ல."

ரபி காக்கா சாப்பாட்டுத் தட்டோடு: "ஒரு பெல் அடிச்சிருக்கணும் வாப்பா. வண்டி நின்னுருக்கும்."

"சிரி, சிரி. மூதேவி."

உம்மா: "லேடீஸ் பெட்டி அப்படி இருக்காது."

"அதையும் பாத்தேன். வழியில டாணா ஸ்டேஷன்ல நின்னப்ப பக்கத்துல அதான். ஒரு புள்ள, பை உள்ளயும் ஆளு வெளியவும் தொங்குது."

நான் கேட்டேன். "நீங்க எதுக்கு வாப்பா போனீங்க?"

என்னைப் பார்த்தார். "புது ரூட்டு போட்டா மொதல்ல ஓட்டிப் பாக்கணும்லா. ஓட்டிப் பாக்காம டைம்டேபிள் போடுறவன் ஆபீசர். நான் கண்டக்டர்."

அப்புறம் உம்மாவிடம், என்னைப் பார்க்காமல்: "புள்ள அதுல போக வேண்டாம்."

இவ்வளவுதான். நான் மேலே ஏறி வந்து தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டேன். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. நல்ல சத்தம்.

ஜாமெட்ரி மார்க்கை நாளை காட்ட வேண்டும்.


ஜூன் 25, புதன்

மார்க் காட்டினேன். வாப்பா: "மூணு மார்க் எங்கன போச்சு?"

இரவு சாப்பிட்ட பிறகு நான்கு பேரும் கீழே உட்கார்ந்து பேச்சு. வாப்பா என்னையும் இருக்கச் சொன்னார். இதுதான் முதல் தடவை.

கல்யாண் ரூம் வாங்குவது சரி. ஆனால் நாம் போகாமல் அதை வாடகைக்கு விடுவது. அங்கே 6,500தான் வரும் என்கிறார் மாமா. இந்த வீடு என்றால் 12,000. மாதம் ஐந்தரை ஆயிரம் துண்டு விழுகிறது. பென்ஷன் சின்னது. அரிசி, கரண்டு, வாப்பாவின் முழங்கால் மாத்திரை, என் டியூஷன்.

ரபி காக்கா: "நான் தாரேன் வாப்பா. டென்ஷன் மத் லோ, கவலப்படாதீங்க."

வாப்பா: "ஒன் கல்யாணத்துக்குச் சேத்து வையி. மொபைல் கடைச் சம்பளத்துல நீ எத்தன குடும்பம் நடத்துவ?"

உம்மா ஞாயிற்றுக்கிழமை அந்த மேடையில் கை வைத்து நின்றது எனக்கு மட்டும்தான் தெரியுமா? அந்தச் சமையலறை எனக்காகப் போகிறது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் சொன்னேன்: "மாடிய வாடகைக்கு விட்டா என்ன?"

எல்லாரும் பார்த்தார்கள்.

உம்மா: "நீ எங்கன படுப்ப?"

"கீழ."

"பத்தாப்புப் படிக்கணும்ட்டி."

"லைட்டு கீழயும் இருக்குல்லா."

வாப்பா: "யோசிச்சுத்தான் சொல்லுதியா? பெறவு மூஞ்சியத் தூக்கக் கூடாது."

தலையாட்டினேன். பேசியிருந்தால் அழுதிருப்பேன். துக்கத்தில் அல்ல. பெரியவர்கள் பேச்சில் என் வார்த்தையும் ஒன்று நின்றதே, அதனால்.

இப்போது மாடியில் உட்கார்ந்து சுற்றிப் பார்க்கிறேன். ஏழு தப்படி நீளம், ஐந்து தப்படி அகலம். ஒரு ஜன்னல். இந்த வீட்டில் யாரும் பார்க்காமல் எழுத எனக்கு இருக்கும் ஒரே இடம். ஆனாலும் சொன்னதை மாற்றப் போவதில்லை.


ஜூன் 28, சனி

வெல்டிங்காரர் வந்து வெளிச்சுவரில் இரும்பு ஏணி வைத்தார். உள்ளே இருந்த ஓட்டைக்குப் பிளைவுட். இனி மேலே போக வீட்டுக்குள் வழி இல்லை.

வருபவர்கள் இரண்டு நர்ஸ் அக்காக்கள். நாகர்கோவில். சயான் பக்கம் ஆஸ்பத்திரியில் வேலை. வாடகை, துண்டு விழுந்த அதே ஐந்தரை ஆயிரம். ஒருவர் சிரித்துக்கொண்டே, "உன் ரூமாம்மே?" என்றார். இல்லை, சும்மா படுப்பேன் என்றேன்.

மாமாவுக்கு டோக்கன் கொடுத்தாகிவிட்டது. பென்ஷன் பார முகவரி மேல் வாப்பா என்னைப் பேனாவால் எழுதச் சொன்னார். தாராவி. அழுத்தி எழுதினேன்.

இந்த நோட்டு இனி ஸ்கூல் பையில், ஜியாகிரபி புத்தக அட்டைக்குள்.


ஜூன் 30, திங்கள்

மழை இல்லை. அதிசயம்.

ரிட்டயர் ஆகிறவரின் கடைசி டிரிப்பில் குடும்பமே போவது டிப்போ வழக்கம். பஸ் முன்னால் செவ்வந்தி மாலை, இரண்டு பலூன். நாங்கள் ஏறியதும் வாப்பா டிக்கெட் மிஷினை எடுத்துக்கொண்டு வந்தார். "எத்தன பேரு?"

உம்மா: "இன்னைக்குமா?"

"டூட்டி முடியலல்லா."

உம்மா பைசா எடுத்துக் கொடுத்தாள். சில்லறை இல்லை என்று திட்டினார். உண்மையாகவே திட்டினார். டிரைவர் அங்கிள் கண்ணாடியில் பார்த்துச் சிரிக்கிறார். உம்மா டிக்கெட்டை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

டிப்போவில் சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம், வடாபாவ். வாப்பாவைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு, தினமும் பஸ்ஸில் முன்னால் நகரச் சொல்லிக் கத்துவாரே, அதே மாதிரி "ஆகே சலோ" என்றார். அவ்வளவுதான். எல்லாரும் கை தட்டினார்கள். காக்கா வெளியே போய் நின்றுகொண்டான். கண்ணைத் துடைக்கத்தான்.


ஜூலை 2, புதன்

விடிகாலை 3.35. கீழே. இந்த நேரத்தில்தான் எல்லாரும் அசந்து தூங்குவார்கள் என்று கணக்குப் போட்டு எழுந்தேன். காக்கா வாசல் பக்கம். உம்மா சுவரைப் பார்த்து. நான் கேஸ் சிலிண்டர் பக்கத்தில், டார்ச்சை நோட்டின் மேல் சாய்த்து.

வாப்பாவின் முதல் ஷிப்ட் நேரத்தை மறந்துவிட்டேன்.

எழுந்து உட்கார்ந்திருக்கிறார். போக இடம் இல்லாததால் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் நிறுத்தினால் சந்தேகம் வரும் என்று நிறுத்தாமல் எழுதுகிறேன். எழுத்து கோணல்.

"என்னட்டி, படிக்கியா?" ரகசியமான குரலில்.

"ம்."

"தமிழ்லயா?"

முழங்கையால் நோட்டை மறைத்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். தைல வாசனை. டார்ச் வெளிச்சம் எனக்குச் சரியாக விழவில்லை என்று மொபைலை வாங்கித் தானே பிடித்துக்கொண்டார். "எழுது. எனக்கென்ன, இனிமே டூட்டியா இருக்கு" என்கிறார்.

இன்னொரு கையால் ஷெல்பில் மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறார். அது கிடைப்பதற்குள் நோட்டை மூடிவிட வேண்டும்.