தண்ணீரில் உரிந்த படலம்

ஏட்டி,

இன்று காலை உங்கள் வீட்டு மொட்டை மாடியில் நிற்கிறேன். கூழ் வடகத்தின் சீரக வாசம் மூக்கில் ஏறுகிறது. உன் அம்மா வடகம் காய்ந்த வேட்டியைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளிக்கிறார்கள். ஒன்றுகூட உடையாமல் கழன்று வருகிறது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகின்றன.

இதை நினைத்துத்தானே அன்று ஆய்வகத்தில் என்னைப் பிடித்து உலுக்கினாய்? நாம் வளர்த்த மெல்லிய படலத்தில் கீழே மின்னடுக்கு, மேலே காந்த அடுக்கு. இரண்டும் தடித்த படிகத் தட்டின் மேல் வளர்ந்தவை. வோல்டேஜ் கொடுத்தால் மின்னடுக்கு நீள வேண்டும். அந்த இழுப்பில் காந்தத்தின் திசை திரும்ப வேண்டும். மாதக்கணக்கில் மல்லுக்கட்டியும் அசையவில்லை.

"அடியில இருக்குத தட்டு கெட்டியாப் பிடிச்சு வச்சிருக்கு. பின்ன எப்படி நீளும்? தண்ணியில கரையுத அடுக்கு ஒண்ணை இடையில வைப்போம். வடகம் மாதிரி உரிஞ்சு வந்துரும்" என்றாய்.

"கிழிஞ்சா?"

"கிழிஞ்சா இன்னொண்ணு வளப்போம். இப்ப என்னட்டி?"

இன்னொன்று வளர்க்க நீ இல்லை. பாழாய்ப்போன நோய் உன்னைக் கொண்டு போய்விட்டது. அந்தக் கரையும் அடுக்கு உன் கைக்கு வந்த மாதிரி எங்கள் யாருக்கும் வரவில்லை. நீ வளர்த்ததில் ஒன்றே ஒன்று மிச்சம். "அவங்க ஞாபகமா இருக்கட்டும்மா, தண்ணியில போடாதீங்க" என்றார் நம் வழிகாட்டி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஞாபகத்துக்கா நீ அதை வளர்த்தாய்?

போட்டேன். முதலில் ஓரம் கழன்றது, பிறகு முழுதும் மிதந்தது. ஒரு கீறல் இல்லை! மெல்லிய பிளாஸ்டிக் தாளில் ஏந்தி, ஒயர் பொருத்தி, வோல்டேஜ் கொடுத்தேன். பக்கத்தில் வேறு காந்தமே கிடையாது. ஆனாலும் திசை சடாரென்று திரும்பியதைத் திரை காட்டியது. வோல்டேஜை எடுத்தேன், பழைய இடத்துக்கு வந்தது. கொடுத்தேன், மறுபடி திரும்பியது.

"திரும்பிட்டு ஏட்டி, திரும்பிட்டு!" என்று ஆய்வகமே அதிரக் கத்தினேன். வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கட்டுரையில் உன் பெயர்தான் முதலில். அதைச் சொல்லத்தான் சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறினேன். எல்லாம் கேட்டுவிட்டு உன் அம்மா கேட்டது ஒன்றுதான்:

"அவ சொன்னது சரிதானா மக்கா?"

"அச்சு அசலா சரிம்மா."

"பின்ன ஏன் அழுத? எம் மவ ஜெயிச்சிருக்கா. சத்தமாச் சொல்லு, நாலு வீட்டுக்குக் கேக்கட்டும்."

சொன்னேன் ஏட்டி. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கும்படி உன் பெயரைச் சொன்னேன். இனி எந்த ஊர் மேடையில் யார் கேட்டாலும், இதே சத்தத்தில்தான் சொல்வேன்.