தென்வாயிலில் தொங்கும் கரண்டி குறித்து

மூன்று ஆறுகள் அரணாகச் சூழ்ந்த நெடுங்கரை நாட்டின் மன்னர், அலைவென்ற திருமாவேள் ஆட்சி ஏறிய பத்தொன்பதாம் ஆண்டு, புரட்டாசித் திங்கள் எட்டாம் நாள், அன்னாரின் தலைமை அமைச்சன் விழுப்பரையன் தன் கைப்பட எழுதும் ஓலை. தலைநகரின் தென்வாயில் அதிகாரி பூவணத்து நக்கனார் கண்டுகொள்க. உமது கதவுகள் உறுதியாக நிற்கட்டும். உமது இல்லத்தார் நலமாக வாழட்டும். உமது வீட்டுக் கூரை ஒழுகாதிருக்கட்டும். கடைசி வாழ்த்தை நான் சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை என்பது மேற்கொண்டு படித்தால் விளங்கும்.

கொத்தனார் எயினன் தொடர்பாக நீர் அனுப்பிய இரண்டு ஓலைகளும் கிடைத்தன. என் வீட்டு மாடியைச் செப்பனிட்ட அவர் மாவுச் சோதனையில் தவறினார் என்றும், நகர வழக்கப்படி அவருடைய பூச்சுக் கரண்டியை வாங்கி வாயில் ஆணியில் தொங்கவிட்டீர் என்றும், நான் முன்கூட்டி உம்மிடம் ஒப்படைத்த கூலிப் பையைத் திரும்பப் பெற ஆள் அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். முறைப்படி நடந்துகொண்டீர். உம்மீது எனக்குக் குறை ஏதுமில்லை.

ஆயினும் உமக்குத் தெரியாத ஒன்று உண்டு. அதை இத்தனை நாள் சொல்லாமல் இருந்தவன் நான்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், மலைநாட்டாரோடு உடன்படிக்கை முடித்துத் திரும்பிய எனக்கு மன்னர் ஒரு கல்தொட்டி பரிசளித்தார். அல்லி வளர்க்கும் தொட்டி. எட்டுப் பேர் சுமந்து வந்து என் மாடியில் இறக்கினார்கள். அரசர் தந்த பொருளை அவர் அனுமதியின்றி நகர்த்தக் கூடாது, வெறுமையாக வைக்கவும் கூடாது என்பது நீர் அறிந்த விதி. சென்ற ஆண்டிலிருந்து அதன் கீழுள்ள அறையில், நான் ஓலை எழுதும் இடத்துக்கு நேர் மேலே, நீர் சொட்டத் தொடங்கியது.

எயினன் வந்த முதல் நாளே மாடியில் காது வைத்துக் கேட்டார். விரலால் தட்டிப் பார்த்தார். தளத்தில் குறையில்லை, தொட்டியின் அடியில்தான் விரிசல், அதை நகர்த்த வேண்டும் என்றார். ஒரு தொட்டிக்காக மன்னரிடம் போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பரிசைக் குறை சொல்கிறான் என்று அரண்மனையில் பேசுவார்களே என்ற நினைப்பு வேறு. எனவே தொட்டியைத் தொடாமல் சுற்றிலும் பூசும்படி சொன்னேன். பூசினாலும் நிற்காது என்றார். பூசும் என்றேன். அமைச்சன் சொன்ன பிறகு கொத்தனார் என்ன செய்வார்? சுண்ணாம்பும் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்து, பதினொரு நாள் வெயிலில் முட்டி போட்டுப் பூசினார். பூச்சு பளிங்குபோல் இருந்தது.

பிறகு சோதனை நடந்தது. உம் ஆட்கள் மாடியில் நூறு குடம் ஊற்ற, கீழே தட்டில் பரப்பிய அரிசி மாவில் மூன்று புள்ளிகள் விழுந்தன. குறை யாருடையது என்று உம் ஆள் கேட்டபோது எயினன் என்னைப் பார்த்தார். நான் மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலத்துக்கு இன்னும் இருபது நாள்தான். கொத்தனார்கள் ஆண்டுச் சோற்றைச் சம்பாதிக்கும் நாட்கள் இவை. கரண்டி ஆணியில் தொங்கும்வரை அவரை யாரும் வேலைக்கு அழைக்க முடியாது. எயினன் இப்போது மற்றவர்கள் கட்டும் சுவருக்கு மண் சுமக்கிறார். வாயிலைக் கடக்கும்போதெல்லாம், கிணறு வெட்டுவோர் இவரை அழைக்கலாம், தொட்ட இடமெல்லாம் தண்ணீர் வரும் என்று உமது காவலர்கள் சொல்லிச் சிரிப்பதாகக் கேள்வி.

இதை எனக்குச் சொன்னவர் அவருடைய மனைவி செங்கழுநீர். நேற்று முன்தினம் வந்து முற்றத்திலேயே நின்றார். உட்காரச் சொன்னதற்கு, ஒழுகாத இடம் எதுவென்று தெரியவில்லை என்றார். ஓட்டையை அடை என்று சொன்னவரும், ஓட்டையைத் தொடாதே என்று சொன்னவரும் ஒரே ஐயாதானே என்று கேட்டார். கூலியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கரண்டியை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள் என்றார்.

அன்றே மன்னரிடம் சென்று தொட்டியைக் காலி செய்ய அனுமதி வேண்டினேன். மன்னர் வெகுநேரம் யோசித்துவிட்டு, எந்தத் தொட்டி என்று கேட்டருளினார். நான் விளக்கினேன். தமக்கு நினைவில்லை என்றும், தாம் கொடுத்திருந்தாலும் வீட்டுக்காரன் நனைய வேண்டும் என்று கொடுத்திருக்க மாட்டோம் என்றும் திருவாய் மலர்ந்தார். அவ்வளவுதான். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தத் தொட்டிக்கு நான் காட்டிய மரியாதை அங்கே அப்படி முடிந்தது.

வீடு திரும்பியதும் தொட்டியை இறைத்தோம். மாடியில் மீண்டும் நூறு குடம் ஊற்றச் செய்து, கீழே மாவுத் தட்டை நானே ஏந்தி நின்றேன். ஒரு புள்ளிகூட விழவில்லை.

ஆகவே ஆணையிடுகிறேன். இவ்வோலை கிடைத்த நாழிகையில் கூலிப் பையை முழுதாக எயினனிடம் சேர்ப்பிக்க. வேலை நின்ற நாட்களுக்கு நான் அனுப்பும் இரண்டாம் பையையும் உடன் தருக. கரண்டியை ஆளிடம் கொடுத்தனுப்பாமல் நீரே ஆணியிலிருந்து எடுத்து அவர் கையில் வைக்க. சிரித்த காவலர்கள் அப்போது அருகில் நிற்க. குறை விழுப்பரையனுடையது என்று வாயிலில் மூன்று முறை முரசறைக. தொட்டியின் விரிசலை அடைக்க அவருக்கு மனமிருந்தால் வருவார். அழைத்துவரும்படி யாரையும் அனுப்ப வேண்டாம்.

அந்த ஆணி காலியாக இருப்பதும் முறையன்று. குறை செய்தவன் கருவி அங்கே தொங்க வேண்டும் என்பதே வழக்கு. எனவே இதை எழுதிய எழுத்தாணியை ஓலையோடு அனுப்பியுள்ளேன். அடுத்த தைத்திங்கள்வரை அது அங்கே இருக்கட்டும். அதுவரை என் கையெழுத்தில் உமக்கு ஓலை வராது. உமக்கும் அது சற்று ஓய்வாக இருக்கும்.

ஆற்று அலை பொறித்த இலச்சினை இட்டேன். சொன்னது சொன்னபடி நடக்க.